மஞ்சள் பூவுக்குள் தூங்கும் இளஞ்சிவப்புப் பூச்சிக்கு மருந்து அடிக்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மிச்சிகனில் உங்கள் வீட்டு வேலியோரம் தானாக முளைத்த ஈவினிங் பிரிம்ரோஸ் செடி. அதன் மஞ்சள் பூவுக்குள் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சின்னப் பூச்சி தலையை உள்ளே விட்டுக்கொண்டு பகல் முழுக்க அசையாமல் கிடக்கிறது. கைப்பேசிச் செயலி அதை ‘ஸ்கினியா ஃபுளோரிடா’ என்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அப்பா, அதே செடியின் காயைக் குடைந்துகொண்டிருந்த பச்சைப் புழுவைப் பார்த்துவிட்டு, “இது காய்ப்புழுடா, இப்பவே மருந்தடி, இல்லேன்னா தக்காளிக்கு வந்துடும்” என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சியின் பெயரைவிட, பக்கத்துப் பாத்தியில் இருக்கும் தக்காளிதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. கடைசியில், இந்தச் செடியின் விதையை ஊருக்கு எடுத்துப்போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

செயலி சொன்ன பெயர் அநேகமாகச் சரி. உங்கள் அப்பா சொன்னதிலும் பாதி சரி. அந்தப் பாதி எது என்று கீழே சொல்கிறேன். மருந்து வேண்டாம். பூச்சியியல் படித்துவிட்டு முதலில் பருத்தி, துவரை வயல்களில் காய்ப்புழு எண்ணியவன், பிறகு அமெரிக்க நடுமேற்கில் புல்வெளிப் பூச்சிகளோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில், இந்த இரண்டு உலகமும் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

முதலில் அடையாளம். முன் இறக்கையில் முக்கால் பங்கு இளஞ்சிவப்பு, ஓரத்தில் மட்டும் மஞ்சள், இறக்கை விரித்தால் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர், பகலில் ஈவினிங் பிரிம்ரோஸ் பூவுக்குள்ளேயே இருப்பு. இத்தனையும் சேர்ந்தால் வேறு பூச்சி என்று சொல்ல வழியே இல்லை. இதே இரு நிறத்தில் உங்கள் பகுதியில் இன்னொரு அந்துப்பூச்சி உண்டு. ரோஸி மேப்பிள் என்பார்கள். அது பட்டுப்பூச்சி வகையறாவைச் சேர்ந்தது. பருத்த உடம்பு, அதன் மேல் கம்பளி மாதிரி அடர்ந்த ரோமம். அதன் புழு மேப்பிள் இலை தின்னும். அந்தப் பூச்சிக்கு வாயுறுப்பு பேருக்குத்தான்; தேன் குடிக்கப் பூவைத் தேடி வரும் வேலையே அதற்குக் கிடையாது. எனவே பூவுக்குள் படுத்திருப்பது அது அல்ல.

புழு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. நீங்கள் போட்டிருக்கும் படத்தில் காய்க்கு வெளியே அதன் பின்பாதிதான் தெரிகிறது. ஈவினிங் பிரிம்ரோஸ் காய்க்குள் ‘மோம்ஃபா’ என்ற மிகச் சிறிய அந்துப்பூச்சியின் புழுவும் இருக்கும். ஆனால் அது காய்க்குள்ளேயே வளர்ந்து முடிக்கும் அளவுக்குப் பொடிசு. வெளியே நீட்டிக்கொண்டு, காயின் பச்சையிலேயே, காயின் பருமனிலேயே இருக்கும் புழு என்றால் ஸ்கினியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு படத்தை வைத்து இதற்கு மேல் அடித்துச் சொன்னால் அது அறிவியல் ஆகாது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வளர்த்துப் பார்க்கலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது அப்பாவின் பாதி. ஸ்கினியா ஒரு பேரினம். அதில் இந்த ஃபுளோரிடா ஓர் இனம். பேரினமாக இதற்குப் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் யாக்கோப் ஹூப்னர், 1818-ல். ஆந்தை அந்துக்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் நாக்டுயிடே குடும்பத்தில் ஹெலியோதினே என்ற துணைக்குடும்பம் இதன் வீடு. அதே வீட்டில்தான் நம் ஊர்ப் பச்சைக் காய்ப்புழு ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவும் இருக்கிறது. அமெரிக்காவில் மக்காச்சோளக் கதிரின் நுனியைத் தின்னும் ஹெலிகோவெர்பா ஜியாவும், புகையிலை மொட்டுப்புழுவும் அங்கேயேதான். ஆயுள் முழுக்கக் காய்ப்புழுவோடு மல்லுக்கட்டிய ஒரு விவசாயி, காய்க்குள் தலையை நுழைத்து உடம்பை வெளியே விட்டிருக்கும் பச்சைப் புழுவைப் பார்த்ததும் ‘அதுதான்’ என்றால், அவர் கண் அவரை ஏமாற்றவில்லை. தின்னும் தோரணையே ஒரே குடும்பத்துத் தோரணை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. காய்ப்புழுவுக்கு ஹெலிகோவெர்பா என்ற பேரினப் பெயரை 1965-ல் உருவாக்கியவர் டேவிட் ஹார்ட்விக் என்ற கனடாக்காரர். அதற்கு முன்பு அந்தப் புழு ஹெலியோதிஸ் என்ற பெயரில்தான் பாடப்புத்தகங்களில் இருந்தது. உங்கள் அப்பா காலத்து மருந்துக்கடைக்காரர்கள் ‘ஹீலியோதிஸ்’ என்று சொல்லிக் கேட்டிருப்பார். அதே ஹார்ட்விக் 1958-லேயே ஸ்கினியாவின் ஒரு பிரிவைப் பற்றித் தனி நூலளவுக்கு எழுதிவிட்டார். வட அமெரிக்க ஹெலியோதினே முழுவதற்குமான அவருடைய பெரிய நூல் 1996-ல் வந்தது. உலகத்தின் மிகப் பெரிய பயிர்ப்பகைவன் ஒன்றை வகைப்படுத்திய அதே ஆள், யாருக்கும் ஒரு பைசா நஷ்டம் வைக்காத இந்தச் சின்னப் பூ அந்துகளுக்காகப் பாலைவனத்திலும் புல்வெளியிலும் அலைந்திருக்கிறார்.

இனி அப்பா சொன்னதில் சரியில்லாத பாதி. காய்ப்புழுவின் பலமே அது எதையும் தின்னும் என்பதுதான். பருத்தி, துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, மக்காச்சோளம், சூரியகாந்தி, வெண்டை என்று நூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் அதற்கு உணவு. தாய் அந்து நெடுந்தூரம் பறக்கும். ஒன்றொன்றாக நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்தையும் தாண்டி, முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் வருடத்துக்குப் பல தலைமுறை. ஸ்கினியா இதற்கு நேர் எதிர். அதன் இனங்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு செடியை, அல்லது நெருங்கிய உறவுள்ள இரண்டு மூன்று செடிகளை மட்டும் நம்பி வாழ்கின்றன. அதிலும் இலையை அல்ல, பூவையும் பிஞ்சு விதையையும். வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரே தலைமுறை. உங்கள் பூச்சிக்கு அந்தச் செடி ஈவினிங் பிரிம்ரோஸ். தக்காளிச் செடியில் கொண்டுபோய் விட்டாலும் அந்தப் புழு பட்டினி கிடந்து சாகுமே தவிரத் தின்னாது.

அதற்காக உங்கள் தக்காளிக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹெலிகோவெர்பா ஜியா மிச்சிகனுக்கு ஒவ்வொரு கோடையிலும் தெற்கு மாநிலங்களிலிருந்து காற்றோடு வந்து சேர்கிறது. மக்காச்சோளம்தான் அதற்கு முதல் விருப்பம்; தக்காளிக் காயையும் ஓட்டை போடும். காயில் காம்புப் பக்கம் ஓட்டையும் ஈரமான எச்சமும் கண்டால் அது அந்தப் பூச்சியின் வேலை. வாலில் கொம்பு வைத்த விரல் நீளப் புழு இலையை மொட்டையடித்தால் அது வேறு ரகம், கையால் பிடித்துப் போட்டாலே போதும். இரண்டுமே உங்கள் வேலியோரச் செடியிலிருந்து வரவில்லை. அந்தச் செடியைப் பிடுங்கினாலும் அவை வரத்தான் செய்யும்.

இந்தப் பேரினத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வட அமெரிக்காவில் ஸ்கினியா இனங்கள் நூற்றுக்கும் மேல். ஐரோப்பா, ஆசியப் பக்கம் இதன் உறவினர் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான். பெரும்பாலானவை கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பொதுப் பெயரே பூ அந்துகள் என்பதுதான். அதிலும் எந்தப் பூ என்பதைச் சேர்த்துச் சொல்வார்கள். கோல்டன்ராடு பூவுக்கு ஸ்கினியா நுண்டினா, வெள்ளையில் ஆலிவ் பச்சைக் கறையோடு. லெட்பிளாண்ட் என்ற புல்வெளிச் செடியின் ஊதாக் கதிருக்கு ஸ்கினியா லூசன்ஸ். இலையுதிர் காலத்தில் பாதி அமெரிக்காவைத் தும்ம வைக்கும் ராக்வீடு பூவுக்கு ஸ்கினியா ரிவுலோசா. (அது தின்றதால் தும்மல் குறைந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.) ஆஸ்டர் பூக்களில் வாழும் ஸ்கினியா ஆர்சிஜெராவில் ஆணின் பின் இறக்கை மஞ்சள், பெண்ணுடையது கறுப்பு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனம் என்றுதான் தோன்றும். மொஹாவே பாலைவனத்து ஆஸ்டருக்கு ஸ்கினியா லிஜியே, அதே வறண்ட மணலில் பலாஃபாக்சியா செடிக்கு ஸ்கினியா நிவெயிகோஸ்டா. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள்தான் இவற்றில் அதிக இனங்களுக்குச் சோறு போடுகின்றன.

நேரில் பார்த்து நான் அசந்து நின்றது ஸ்கினியா மேசோனியை. கொலராடோவில் ராக்கி மலையடிவாரத்தில் கெய்லார்டியா காடாகப் பூக்கும். நடுவில் செம்பழுப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள் இதழ். நம் ஊர்ப் பூங்காக்களிலும் வளர்க்கிற அதே கெய்லார்டியாவின் சொந்தம். மேசோனிக்குத் தலையும் மார்பும் மஞ்சள், இறக்கை கருஞ்சிவப்பு. இறக்கை நடு வட்டத்தின் மேலும் தலை இதழின் மேலும் வருகிற மாதிரி அது உட்கார்ந்தால் உடம்பின் எல்லைக்கோடே மறைந்துவிடுகிறது. ஒரு பூவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பூவின் நடுவிலிருந்து ஓர் உணர்கொம்பு அசைந்தது; அதன் பிறகுதான் பூச்சி தெரிந்தது. தெற்கே டெக்சஸ், ஓக்லஹோமா பக்கம் கெய்லார்டியாவின் இன்னொரு இனம் உண்டு; அதில் இதழே சிவப்பு. அங்கே வாழ்வது ஸ்கினியா வோலூபியா, அதற்கு உடம்பும் சிவப்புச் சாயல்.

உங்கள் செடிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அங்கே நடப்பதை நீங்களே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். ஈவினிங் பிரிம்ரோஸ் மொட்டு பொழுது சாயும்போது விரியும். பொறுமை இருந்தால் இதழ் அவிழ்வதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் வாடிவிடும். நடுவில் பெருக்கல் குறி மாதிரி நான்காகப் பிரிந்த சூல்முடி. மகரந்தத்தை விரலால் தொட்டால் பொடியாக ஒட்டாது, மெல்லிய பிசுபிசுப்பான நூலில் கோத்த மாதிரி இழுபடும். அந்தக் குடும்பத்துக்கே உரிய நூல் அது. இருட்டியதும் உங்கள் பூச்சி விழித்துப் பூப்பூவாகத் தேன் குடிக்கப் போகும். காலையில் பார்த்தால் அதன் முகத்திலும் காலிலும் இந்த நூல் சிக்கியிருக்கும். விடியும்போது ஏதாவது ஒரு பூவுக்குள் தலைகீழாக இறங்கிவிடும். இளஞ்சிவப்புப் பகுதி பூவின் குழிக்குள் போய்விட, மஞ்சள் ஓரம் மட்டும் இதழ்களுக்கு நடுவே வெளியே நிற்கும். ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது இன்னொரு இதழ்.

பெண் பூச்சி மொட்டுகளில் முட்டையிடும். ஸ்கினியா பெண்களுக்கு முட்டையிடும் உறுப்பு, இனத்துக்கு ஏற்ற மாதிரி, மொட்டின் இடுக்கிலும் சின்னப் பூக்களின் நடுவிலும் செருகுவதற்கு வாகாக அமைந்திருக்கிறது. பொரித்த புழு முதலில் மொட்டுக்குள் போய்த் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் காய்க்கு நகரும். ஈவினிங் பிரிம்ரோஸ் காய் நீண்டு உருண்டு பச்சையாக இருக்கும். அதன் பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைக் காய் என்றே நினைத்துக் கடந்துபோய்விடுவோம். உங்கள் அப்பா முதல் பார்வையிலேயே கண்டுபிடித்தார் என்றால் அது வயலில் பழகிய கண். ஆகஸ்டு, செப்டம்பரில் முழு வளர்ச்சி அடைந்த புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மிச்சிகன் பனிக்காலம் முழுக்க அங்கேயே கிடக்கும். அடுத்த ஜூலையில், அதாவது மறுபடி இந்தப் பூ பூக்கிற சமயத்தில், வெளியே வரும். பாலைவன இனங்களில் சில, மழை பொய்த்த வருடம் வெளியே வராமல் அடுத்த வருடத்துக்கும் மண்ணிலேயே காத்திருக்கும்.

பூச்சி செத்துக் கிடைத்தால் ஒரு கைலென்சை வைத்து முன்னங்காலைப் பாருங்கள். நகம் மாதிரி தடித்த முட்கள் இருக்கும். இந்த முட்களின் எண்ணிக்கையும் வடிவமும் வகைப்பாட்டுக்காரர்களுக்கு முக்கியமான அடையாளம். மண்ணைக் கீறிக்கொண்டு மேலே வருவதற்காகத்தான் அவை என்று பலர் நினைக்கிறார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் கருத்து என்ற அளவில்தான் வைக்க வேண்டும். கண்ணையும் பாருங்கள். உங்களுடையது இரவுப் பூச்சி, கண் உருண்டையாக இருக்கும். இதே பேரினத்தில் நல்ல வெயிலில் தேனீ மாதிரி வேகமாகப் பறக்கும் இனங்களும் உண்டு. அவற்றில் ஒரு சாராருக்குக் கண் சிறுத்து நீள்வட்டமாகிவிட்டது. ஹார்ட்விக் 1958-ல் எழுதியது அந்த நீள்வட்டக் கண்ணினரைப் பற்றித்தான்.

எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பூச்சி எந்தச் செடியில் வளர்கிறது என்பது, பலர் புழுவைப் பிடித்து வளர்த்துப் பூச்சியாக வெளிவரச் செய்து உறுதிப்படுத்திய தகவல். நன்கு அறிந்த இனங்களைப் பொறுத்தவரை அதில் சந்தேகம் வேண்டாம். இறக்கை நிறம் பூவோடு ஒத்துப்போவதும் கண்ணுக்குத் தெரிகிற உண்மை. ஆனால் பறவைகளிடமிருந்து தப்புவதற்காகவே இந்த நிறம் வந்தது என்று நாங்கள் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அது பெரும்பாலும் ஊகத்தின் பலத்தில் நிற்கிறது. நம் கண்ணுக்கு மறைவது பறவைக் கண்ணுக்கும் மறையும் என்று கட்டாயம் இல்லை. பறவைக்குப் புற ஊதாவும் தெரியும். மேசோனி விஷயத்தில் நான் அந்த விளக்கத்தை முழுமனதாக ஏற்கிறேன். உங்கள் ஃபுளோரிடாவின் மஞ்சள் ஓரத்தையும் ஏற்கிறேன். அதன் இளஞ்சிவப்புக்கு, வாடும் பூவின் நிறம், சிவப்பேறிய மொட்டின் நிறம் என்று சொல்லப்படும் காரணங்கள் எனக்கு அரைமனதுதான். அதேபோல இந்தப் பூச்சி மகரந்தச் சேர்க்கை செய்கிறது என்பார்கள். உடம்பில் மகரந்த நூலைச் சுமப்பது நிஜம். ஆனால் இந்தச் செடிக்கு அதைவிடப் பெரிய ஆள் பருந்து அந்து (ஆங்கிலத்தில் ஹாக் மாத் என்பார்கள்). போதாததற்கு ஈவினிங் பிரிம்ரோஸ் தன் மகரந்தத்தாலேயே காய்பிடித்துக்கொள்ளும் செடி. ஆகவே ‘செடிக்கு இது உபகாரம் செய்கிறது, அதனால் விட்டுவையுங்கள்’ என்று நான் வாதாட மாட்டேன். விதையைத் தின்னும் பூச்சி விதையைத் தின்னும் பூச்சிதான்.

ஒரே செடியை நம்பும் இந்தக் கூட்டத்துக்குள் எல்லாவற்றையும் தின்னும் காய்ப்புழு எப்படி முளைத்தது என்பது பழைய கேள்வி. 2008-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, பெரிய பயிர்ப்பகைவர்கள் குடும்ப மரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கவில்லை, ஒரே கிளையில் நெருங்கி நிற்கிறார்கள் என்று காட்டியது. ஸ்கினியா அந்தக் கிளைக்கு வெளியே. எனவே ‘இன்றைக்கு இந்தச் செடி, நாளைக்குத் தக்காளி’ என்று ஸ்கினியா மாறிவிடுமோ என்ற பயம் உங்களுக்கோ அப்பாவுக்கோ வேண்டியதில்லை.

மருந்து ஏன் வேண்டாம் என்பதற்கு இந்தச் செடியை வைத்தே செய்த ஒரு சோதனை இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வால் தன் சக ஆய்வாளர்களோடு நியூயார்க் மாநிலத்தில் ஈவினிங் பிரிம்ரோஸ் பாத்திகள் போட்டார். பாதிப் பாத்திகளுக்குத் தொடர்ந்து பூச்சிமருந்து. மீதியைப் பூச்சிகளிடமே விட்டுவிட்டார்கள். 2012-ல் முடிவு வெளியானது. மருந்தடித்த பாத்திகளில் சில தலைமுறைக்குள்ளேயே செடியின் குணம் மாறியிருந்தது. முன்னதாகப் பூக்கும் செடிகள் பெருகின. காயைப் பாதுகாக்கும் வேதிப்பொருள் குறைந்தது. அதாவது விதை தின்னும் அந்துகள் இருக்கும்வரைதான் செடி தன் காப்பைக் கைவிடாமல் வைத்திருக்கிறது. இன்னொரு சுவையான விஷயம், மருந்தடித்த இடத்தில் டேண்டலியன் என்ற களையும் பெருத்துப்போய் ஈவினிங் பிரிம்ரோஸை நெருக்கியது. அதன் பூச்சிகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டார்கள் அல்லவா?

செடி அழிந்துவிடுமோ என்றும் கவலைப்படாதீர்கள். ஒரு காயில் நூற்றுக்கும் மேல் விதை. ஒரு செடியில் ஆயிரக்கணக்கில். உங்கள் மாநிலத்திலேயே, இன்றைக்கு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரியில், வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879-ல் 20 புட்டிகளில் களை விதைகளைப் போட்டு மண்ணில் புதைத்தார். எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று பார்க்க, ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து முளைக்கவைக்கிறார்கள்; அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை. 80 வருடம் கழித்தும் முளைத்த மிகச் சில விதைகளில் ஈவினிங் பிரிம்ரோஸும் ஒன்று. இப்படிப்பட்ட செடியை நாலு புழு தின்று தீர்க்க முடியாது. இலையும் பூவும் சல்லடையாகக் கிடந்தால் அது அநேகமாக ஜப்பானிய வண்டு. காலையில் சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டிவிடுங்கள், போதும்.

கடையில் ‘இயற்கை மருந்து’ என்று தரும் பி.டி. தூளையும் (புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவிலிருந்து செய்தது) இந்தச் செடி மேல் தெளிக்காதீர்கள். அது புழு என்றால் எந்தப் புழு என்று பார்க்காது. தக்காளிக்குத் தெளிக்க வேண்டி வந்தால் காற்றடிக்காத மாலையில், அந்தப் பாத்திக்கு மட்டும் தெளியுங்கள். இன்னொன்று, இதை அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நம் ஊரில் காய்ப்புழுவுக்குக் கோடை உழவு போடுவோம். மண்ணில் இருக்கும் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் காக்கை, மைனா வாயிலும் போகும். அவர் கை சும்மா இருக்காது, இலையுதிர் காலத்தில் வேலியோரத்தைக் கொத்திவிடுவார். இங்கே அதே காரணத்துக்காகத்தான் கொத்தக் கூடாது. அந்தச் செடிகளைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண்ணைக் கிளறாமல் விட்டால் அடுத்த ஜூலையில் பூச்சி இருக்கும். காய்ந்த தண்டுகளையும் உடனே வெட்டிவிடாதீர்கள், விதைக்காகக் கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் வரும். செடியைப் பொறுத்தவரை ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். முதல் வருடம் தரையோடு இலை மட்டும், இரண்டாம் வருடம் பூத்துக் காய்த்துச் செத்துவிடும். அதனால் வருடாவருடம் பூ வேண்டுமென்றால் தரையோடு படர்ந்திருக்கும் சின்னச் செடிகளைக் களை என்று பிடுங்காமல் இருக்க வேண்டும்.

இவ்வளவு அக்கறை ஒரு பூச்சிக்கா என்று தோன்றலாம். உங்கள் ஃபுளோரிடா சாலையோரச் செடியை நம்பியிருப்பதால் பிழைத்துக்கொண்டது. அந்த அதிர்ஷ்டம் இல்லாதது ஸ்கினியா இண்டியானா. ஃபுளோரிடாவை விடவும் சிறிய, ஆழ்ந்த இளஞ்சிவப்பு நிறப் பூச்சி. டவுனி ஃபிளாக்ஸ் என்ற புல்வெளிப் பூவை மட்டும் நம்பி மே, ஜூனில் சில வாரங்களே பறக்கும். வட அமெரிக்காவின் உயர்புல் பிரெய்ரியில், அதாவது ஆளுயரப் புல் வளரும் பழைய சமவெளியில், மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் பெரும்பாலும் மக்காச்சோளக்காடும் சோயாக்காடும். பூ துண்டுதுண்டாகச் சிதறியபோது பூச்சியும் சிதறியது. விஸ்கான்சின் மாநிலம் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகப் பட்டியலில் வைத்திருக்கிறது. புல்வெளியைக் காக்க அவ்வப்போது தீ வைத்து எரிப்பது இங்கே வழக்கம். கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும் மாதங்களில் எரித்தால் தப்பும், முட்டையும் புழுவும் செடிமேல் இருக்கும்போது எரித்தால் அந்த வருடத்துத் தலைமுறையே போய்விடும். ஆகவே எரிக்கிற தேதி, எரிக்கிற பரப்பு இரண்டுமே வாக்குவாதத்துக்குரிய விஷயங்கள். நான் உட்கார்ந்த கூட்டங்களில் இதற்கு ஒருமித்த முடிவு வந்து பார்த்ததில்லை. ஒரே வருடத்தில் முழு இடத்தையும் எரிக்கக் கூடாது என்பதில் மட்டும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள்.

வளர்த்துப் பார்ப்பது பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நான்கு விரல்கடை உயரத்துக்கு லேசாக ஈரமான மணல் கலந்த மண்ணைப் போட்டு, புழுவோடு காய்க்கொத்தை வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை புதுக் காய். அப்பாவுக்கு நிரூபிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு தக்காளித் துண்டையும் போட்டுவைக்கலாம். புழு மண்ணுக்குள் போன பிறகு டப்பாவை ஹீட்டர் இல்லாத கார் ஷெட்டில் வைத்து, மண் முழுக்கக் காய்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வைத்தால் குளிர் கிடைக்காமல் கெட்டுப்போகும். ஜூன் கடைசியில் டப்பாவுக்குள் ஒரு குச்சி நட்டுவையுங்கள். வெளியே வரும் பூச்சி ஏறி இறக்கை விரிக்க அது வேண்டும்.

கடைசிக் கேள்வி, விதையை ஊருக்கு எடுத்துப்போவது. பையில் போட்டு எடுத்துப்போகாதீர்கள். இந்தியாவுக்குள் விதை கொண்டுவர 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் இங்கிருந்து நோயற்றது என்ற சான்றிதழும் வேண்டும். அப்படியே முறையாகக் கொண்டுபோனாலும் பூச்சி கூடவே வராது. கெய்லார்டியா நம் ஊருக்கு வந்து எவ்வளவோ காலமாகிறது, மேசோனியும் வோலூபியாவும் அமெரிக்காவிலேயேதான் இருக்கின்றன. நம் வெயிலில் ஈவினிங் பிரிம்ரோஸ் சரியாக வருமா என்பது எனக்குச் சந்தேகமே, இரண்டாம் வருடப் பூவுக்கு நடுவில் அதற்கு ஒரு குளிர்காலம் தேவைப்படுகிறது. அதைவிட, அப்பா ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு நாள் நன்றாக இருட்டிய பிறகு அவரைச் செடிப் பக்கம் கூட்டிப்போங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டால் பூச்சி கலையாது. அடுத்த முறை புழுவின் தலையும் முதுகும் தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.